'மதர் 3': கையடக்கத் திரையில் ஒரு பெருங்கதை

இலக்கியம் பேசும் பக்கத்திலே வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுளிக்கும் நண்பர் சிலர் இருப்பர். கூத்தையும் இவ்வாறே கற்றோர் புறத்தே நிறுத்திய காலம் ஒன்றிருந்ததென்பதை அவர்க்கு நினைவூட்டி மேலே செல்கின்றேன். எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் இருவர் 'மதர் 3' என்னும் யப்பானிய விளையாட்டைப் பற்றி ஒருநாள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவன் அதனைக் காப்பியம் என்றான். மற்றவன், பாதிக்குமேல் சலிப்பு என்றான். ஏன் காப்பியம், எங்கே சலிப்பு என்று கேட்டபோது இருவருக்கும் விடை வரவில்லை. அவ்விடையைத் தேடியே நான் அதனை ஆடிப்பார்த்தேன்.

பாத்திரம் ஒன்றை ஏற்று, கதையினூடே நடந்து, எதிர்ப்பட்டோருடன் பேசியும் பொருதும் முன்னேறும் வகையைச் சேர்ந்த விளையாட்டு இது. கதையை எழுதியவர் ஷிகெசட்டோ இட்டோய். விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர், கட்டுரையாளர், பாடலாசிரியர். 'மதர்' வரிசையின் முதல் விளையாட்டு 1989இலும் இரண்டாவது 1994இலும் வந்தன. மூன்றாவதை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்கென ஆக்கத் தொடங்கி, 2000ஆம் ஆண்டிலே கைவிட்டனர். பின்னர் 2003இல் மீண்டும் எடுத்து, 2006 ஏப்ரல் 20இல் 'கேம்போய் அட்வான்ஸ்' என்னும் கையடக்கக் கருவிக்கு வெளியிட்டனர். நின்ரெண்டோ நிறுவனத்தின் அடுத்த கைக்கருவி அதற்குள் கடைகளுக்கு வந்துவிட்டது. குறுக்கே 240 புள்ளியும் நெடுக்கே 160 புள்ளியுமே கொண்ட அச்சிறு திரையிலே முகபாவங் காட்ட இடமேது? சொல்லும் இசையுமே சுமையைத் தாங்கவேண்டும். யப்பானுக்கு வெளியே இது விற்பனைக்கு வரவில்லை. ஆர்வலர் குழுவொன்று 2008இல் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தது. அப்பெயர்ப்பின் வழியாகவே பிறநாட்டார் பலர் இக்கதையை அறிந்தனர்.

தஸ்மிலி என்பது ஒரு தீவிலுள்ள சிற்றூர். அங்கே பிளின்ற், ஹினாவா என்னும் கணவன் மனைவியும், லூக்கஸ், கிளவுஸ் என்னும் இரட்டைப் பிள்ளைகளும் வாழ்கின்றனர். முதல் அத்தியாயத்திலேயே தாய் இறந்துபடுகிறாள். அவ்விறப்பை ஆசிரியர் நமக்குக் காட்டுவதில்லை. மழையில் நனைந்த ஊரார் தீமூட்டிக் குளிர்காயுமிடத்திலே, அயலான் ஒருவன் நல்ல செய்தியொன்றும் கெட்ட செய்தியொன்றும் கொண்டுவருகிறான். படைக்கலமாகப் பயன்படத்தக்க கூரிய பல்லொன்று கிடைத்ததாம். அது நல்ல செய்தி. அது கிடைத்த இடம் ஹினாவாவின் நெஞ்சு, அது மற்றையது. சொல்லத் தெரியாத பாமரன் ஒருவன் சொல்லக்கூடாத செய்தியை ஒப்புவிக்கும் முறையிலேயே அவலம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. பிளின்ற் எரிகொள்ளியை எடுத்து ஆறுதல் கூறவந்தோரையே அடிக்கிறான். பல்லுக்குரிய டிராகோ என்னும் விலங்கோ சாதுவானது. சற்றுமுன்னரே பிள்ளைகள் அதனோடு விளையாடக் கண்டோம். அதனைக் கொடியதாக்கியவர் யார் என்ற கேள்வி அங்கே முளைவிடுகின்றது.

எனினும், நாவலும் செய்யக்கூடியதே இது. விளையாட்டு மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை வேறோரிடத்திலே கண்டேன். முதல் மூன்று அத்தியாயங்களிலும் தஸ்மிலியில் காசு என்பதே இல்லை. கடைக்குச் சென்றால் வேண்டியதை எடுத்துச்செல் என்பர். இவ்வகை விளையாட்டுகளிலே பகையை வென்றதும் பணம் சேர்வது வழமை. இங்கே அது சேராதபோது பழகிய ஆட்டக்காரனுக்கு ஏதோ குறைவதுபோற் படும். நான்காம் அத்தியாயம் மூன்றாண்டு கழித்துத் தொடங்குகின்றது. புகைவண்டி வந்துவிட்டது. இளைஞர் கூலிக்குப் போகின்றனர். முதியோர் பாழடைந்த விடுதியொன்றிலே ஒதுக்கப்பட்டுள்ளனர். வீடுதோறும் 'இன்பப் பெட்டி' ஒளிர்கின்றது. அதனை ஏற்க மறுத்தவர் வீட்டிலே இடி விழுகின்றது. இப்போது நமக்கும் காசு சேரத் தொடங்குகிறது. முதன்முறை அவ்வெண் கூடியபோது நான் மகிழ்ந்தேன். அடுத்த கணமே அம்மகிழ்ச்சி தொண்டையிற் சிக்கியது. ஊரைக் கெடுத்த பொருளை விரும்பியோருள் ஆடுபவனும் ஒருவனாகிவிட்டான் அன்றோ! நூலொன்று இதனை எடுத்துரைக்கலாம். வாசகனைச் செய்யவைத்தல் அதற்கு அரிது.

சல்சா என்னும் குரங்கின் அத்தியாயமும் இத்திறத்ததே. அதன் கழுத்திலே மின்னதிர்ச்சி தரும் பட்டை. அதன் துணை பகைவர் சிறையிலே. எசமான் ஆட்டுவித்தபடி ஆடி, இன்பப் பெட்டிகளைச் சுமந்து, ஊரைக் கெடுக்கும் வேலைக்குத் துணைபோவது நாமே. பொத்தானை அழுத்தும் விரல் கூசுகின்றது.

போர்முறையிலும் புதுமையுண்டு. பின்னணி இசையின் தாளத்துக்கிசையப் பொத்தானை அழுத்தினால் ஓரடி பதினாறடிவரை பெருகும். உறங்கும் பகைவனின் நெஞ்சுத்துடிப்பு அத்தாளத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அழகிய கற்பனை. ஆனால், தாளம் சில இடங்களிலே வேண்டுமென்றே முறுக்கப்பட்டிருக்கின்றது. கேள்வி மந்தமானவர்க்கோ அது பூட்டிய கதவு.

இனி, சலிப்பு என்றானே அம்மாணவன், அதற்கு வருவோம். ஏழாம் அத்தியாயம் நெடியது. தீவிலே நடப்பட்ட ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். ஓரூசி, ஒரு காவலர், ஒரு பெரும்போர். பின்னர் அடுத்த ஊசி. முதல் அத்தியாயங்களிலே பாத்திரந்தோறும் மாறி, ஒரே ஊரை வெவ்வேறு கண்ணால் நோக்கிய கதை இங்கே ஒற்றைத் தடத்திலே ஓடுகின்றது. நாயகனாகிய லூக்கஸ் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆடுபவன் தன் குரலை அவ்விடத்திலே வைத்துக்கொள்ளட்டும் என்பது இவ்வகையின் மரபு. ஆனால், தாயை இழந்தவன், தமையனைத் தேடித் தந்தை மலைமலையாய் அலையக் கண்டவன், வாய்திறவாதிருப்பது மரபுக்காகக் கதையைப் பட்டினி போடுவதாகும். பகைத்தலைவன் போர்க்கியோ முன்னைய விளையாட்டிலிருந்து வந்தவன். அதனை ஆடாதார்க்கு அவன் வெறும் கோமாளி. எதனாலும் தீண்டவியலாத கூண்டினுள் தானே புகுந்து, என்றும் வெளியேறமுடியாதவனாய் அவன் அடைபடும் முடிவு மட்டும் மறக்கற்பாலதன்று.

யான் பெருங்குறையாகக் கருதுவது வேறு. தஸ்மிலியிலே லெடர் என்னும் நெடிய மனிதன் இருந்தான், மணியடிப்பானேயன்றிப் பேசான். எட்டாம் அத்தியாயத்திலே அவன் வாய்திறந்து, திரைதிரையாக விளக்கம் உரைக்கின்றான். பழைய உலகம் அழிந்தது, எஞ்சியோர் வெண்கப்பலில் இங்கே வந்தனர், தம் நினைவுகளைத் தாமே அழித்துக்கொண்டு கள்ளமற்ற ஊரொன்றை நடித்து வாழ்ந்தனர் என்பது அவன் கூற்று. கருத்து பெரிது, காசில்லாத அந்த ஊரை நாம் நேசித்ததையே அது கேள்விக்குள்ளாக்குகின்றது. அத்தகைய கருத்தை நம் நடையாலும் செயலாலும் உணர்த்தாது, நின்று கேட்கும் சொற்பொழிவாக்கியது ஏனோ? குரங்கின் கழுத்துப்பட்டையை வைத்து ஓர் ஊரின் வீழ்ச்சியைக் காட்டிய கைதானா இது என்று ஐயுற்றேன்.

அவ்வையத்தை இறுதிப்போர் தீர்த்தது. முகமூடியணிந்து எதிரே நிற்பவன் இறந்தானென்று எண்ணிய கிளவுஸ். தாக்கும்படி கட்டளையிட்டாலும் லூக்கஸால் தாக்க இயலாது. காத்தலும் காயமாற்றலுமே நமக்கு எஞ்சும். இடையிலே தந்தை குறுக்கே பாய்ந்து அடியை ஏற்கின்றான். தாயின் குரல் கேட்கின்றது. விளக்கவுரை எதுவும் இல்லை. அதன் பின்னர், முடிவா என வினவும் ஒரு சொல் தோன்றித் திரை இருண்டுவிடும். ஆட்டம் ஓய்ந்ததெனக் கருவியைக் கீழே வைப்போரும் உளர். வையாது திசைப்பொத்தானை அழுத்தினால், அந்த இருளுக்குள்ளே நாம் நடக்கின்றோம். முகங்கள் தெரிவதில்லை; ஊரார் ஒவ்வொருவராக வந்து நம்மோடு பேசுகின்றனர்.