வைக்கோல் வீட்டை ஓநாய் ஊதித் தள்ளுமா?

மூன்று பன்றிக்குட்டிகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் குட்டி வைக்கோலால் வீடு கட்டும். ஓநாய் வந்து 'உஃப்' என்று ஊதும். வீடு பறந்துவிடும். பாவம், அந்தக் கதையால் வைக்கோலுக்கு ரொம்பக் கெட்ட பெயர்! நிஜத்தில், வைக்கோலால் கட்டிய வீடு நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது, தெரியுமா?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே மணல் மேடுகள் நிறைந்த பகுதியில் குடியேறியவர்களுக்கு ஒரு சிக்கல். வீடு கட்ட மரம் இல்லை. மண்ணும் வெறும் மணல். புல் மட்டும் எக்கச்சக்கம்! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புல்லையும் வைக்கோலையும் அழுத்திச் செவ்வகக் கட்டுகளாகக் கட்டும் இயந்திரம் வந்தது. 'அட, இது பெரிய செங்கல் மாதிரி இருக்கிறதே!' என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். கட்டுகளை வரிசையாக அடுக்கினார்கள். கழிகளைச் செருகி இறுக்கினார்கள். இரண்டு பக்கமும் பூசினார்கள். வீடு ரெடி! அந்த மாநிலத்தில் ஆர்தர் என்ற ஊரில் 1928இல் இப்படிக் கட்டிய தேவாலயம் இன்னும் இருக்கிறது. பிரான்சில் மோன்தார்ஜி என்ற ஊரில் இருக்கும் வைக்கோல் வீடு அதைவிட மூத்தது. 1920இல் கட்டியது.

தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். தளர்வாகக் கிடக்கும் வைக்கோல் குபீரென்று எரியும். ஆனால் இறுக்கிக் கட்டிப் பூசிவிட்டால் உள்ளே காற்று புகாது. காற்று இல்லாமல் நெருப்பு ஏது? சரி, ஓநாய் ஊதினால்? 2005இல் காஷ்மீர்ப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன்பின் பாகிஸ்தானில் வைக்கோல் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். அதே மாதிரி வீடு ஒன்றை 2009இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஆடும் மேடை மேல் வைத்து, நிலநடுக்கம் போலவே உலுக்கிப் பார்த்தார்கள். சேதம் ஆனது. ஆனால் விழவில்லை. ஓநாய் எம்மாத்திரம்!

வைக்கோலின் நிஜமான எதிரி தண்ணீர்தான். உள்ளே ஈரம் புகுந்தால் அழுகிவிடும். இன்னொரு எதிரியும் உண்டு. நெப்ராஸ்காவில் ஆரம்ப நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தை வைக்கோல் கட்டுகளால் கட்டி, பூசாமல் விட்டுவிட்டார்களாம். மாடுகள் வந்து சுவரையே தின்றுவிட்டன! லீவு கிடைத்திருக்கும்.

சிரிக்கிறீர்களா? நம் ஊரிலும் அந்த மாடுதான் பிரச்சினை.

ஓசூர் என்றதும் லாரி, மொபெட், கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். சிப்காட்டைத் தாண்டி தளி, கெலமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். ராகி வயல்களும் செம்மண்ணும் தெரியும். அறுவடை முடிந்ததும் ராகித் தாளைப் போர் போட்டு வைப்பார்கள். கோடையில் மாட்டுக்கு அதுதான் சாப்பாடு.

இப்போது ஒரு கணக்கு. சின்ன வீட்டுக்கு 200 வைக்கோல் கட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டு 15 கிலோ. ஒரு மாடு நாளைக்கு 6 கிலோ தாள் தின்கிறது. அப்படியானால் அந்த வீட்டின் சுவர், ஒரு மாட்டுக்கு எத்தனை நாள் தீனி? ஐந்நூறு நாள்! வீட்டுக்கா, மாட்டுக்கா என்று கேட்டால் எந்த விவசாயி சுவரில் வைத்துப் பூசுவார்? நெப்ராஸ்காவில் புல் மிஞ்சியது, புல்லால் கட்டினார்கள். இங்கே மிஞ்சுவது மண்.

அதனால் நம் பெரியவர்கள் வைக்கோலைக் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள். மண்ணில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, நறுக்கிய வைக்கோலைத் தூவிக் காலால் மிதிப்பார்கள். களிமண் காயும்போது சுருங்கும், விரிசல் விடும். வைக்கோல் நார்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. மழைக்காக அடியில் கல் அடித்தளம், மேலே நீண்ட கூரை. காலுக்குச் செருப்பு, தலைக்குக் குடை மாதிரி!

இதையே விஞ்ஞானிகளும் விடவில்லை. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில், 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற பிரிவு, மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யும் கற்களை ஆராய்ந்தது. 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமும் இந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கற்களைச் சூளையில் சுட வேண்டாம். அதனால் விறகு மிச்சம். பக்கத்து மாவட்டமான தருமபுரியில், நாகர்கூடல் என்ற ஊரில் 'புவிதம்' என்ற பள்ளி இருக்கிறது. அதைத் தொடங்கிய மீனாட்சி ஒரு கட்டிடக்கலைஞர். அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பது மண் கட்டிடங்களில்!

மண் வீடு என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மண் சும்மா கிடைத்தாலும் ஆள் கூலி அதிகம். பழைய முறைச் சுவரை மழைக்காலத்துக்கு முன் பார்த்துப் பூச வேண்டும். தொழிற்சாலைக்கு ஷிப்ட் போய் வருகிறவர்களுக்கு அதற்கு நேரம் ஏது? அதனால்தான் ஓசூரில் ஹாலோ பிளாக் வீடுகள் வரிசையாக எழும்புகின்றன. தகரக் கூரை போட்ட வீடு என்றால் மதியம் உள்ளே உட்கார முடியாது. தடிமனான மண் சுவருக்குள்ளோ வெயில் மெதுவாகத்தான் நுழையும்.

நம்பிக்கை இல்லையா? வீட்டு வேலையை விடுங்கள், விளையாட்டாக ஒன்று செய்து பாருங்கள். தோட்டத்துக் களிமண்ணைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து இரண்டு சோப்புப் பெட்டிகளில் அமுக்குங்கள். ஒன்றில் மட்டும் விரல் நக நீளத்துக்கு நறுக்கிய காய்ந்த புல்லைக் கலந்துவிடுங்கள். நிழலில் நாலைந்து நாள் காயட்டும். எது அதிகம் விரிசல் விட்டிருக்கிறது? இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் எது உடைகிறது? போடும்போது மட்டும் வெளியே போய்ப் போடுங்கள். நடு வீட்டில் போட்டு அம்மா திட்டினால் நாங்கள் பொறுப்பில்லை!