காயம் பட்டதும் தந்தி அடிப்பது யார்?

மீஞ்சூர் வீடு ஒன்றில் மீன் ஆயும்போது அரிவாள்மனை விரலைக் கீறிவிடுகிறது. கிருமிகளோடு போராட, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. அவற்றுக்குச் சேதி சொன்னது யார்?

ஜீப்ரா மீன் விடை தந்தது. நம் நாட்டு ஓடை மீன்தான்! 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் குஞ்சின் வாலைச் சிறிது நறுக்கினார்கள். சில நிமிஷங்களில் காயத்தின் ஓரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரந்தது. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிறார்களே, அதேதான்! வெள்ளை அணுக்கள் பிறகே வந்தன.

வெள்ளை அணுவுக்குள் 'லின்' என்றொரு புரதம். அதில் ஓரிடத்தில் கந்தகம் இருக்கிறது. இரும்பில் துரு ஏறுவதுபோல், பெராக்சைடு பட்டதும் அந்தக் கந்தகம் மாறுகிறது. உடனே புரதம் விழித்துக்கொள்கிறது, அணு புறப்படுகிறது. இது 2011-ல் தெரிந்தது.

அதற்காகக் கடைப் பெராக்சைடைக் காயத்தில் கொட்டிவிடாதீர்கள். உடம்பு சுரப்பது துளியிலும் துளி. புட்டியில் இருப்பது நல்ல சதையையும் அரிக்கும்.