மஞ்சள் எப்படி மிஸ் கரியாச்சு?

கதவைத் திறக்கும்போதே உள்ளே ஒரே கூச்சல். ஈரோட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, அதன் ஹைடெக் லேப், உள்ளே பதினோராம் வகுப்பு. எல்லா மானிட்டரிலும் ஒரே படம். எவர்சில்வர் தட்டில் மஞ்சள்தூள் ஒரு குவியல், குங்குமம் ஒரு குவியல், திருநீறு ஒரு குவியல். இயற்பியல் ஆசிரியை முந்தின நாள் சாயங்காலம் தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்துச் செல்போனில் எடுத்தது.

"சேனல்ஸ்ல போங்க. சிவப்பையும் பச்சையையும் அணைங்க. நீலத்தை மட்டும் விடுங்க."

க்ளிக், க்ளிக். அவ்வளவுதான், மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் கரி! குங்குமமும் கரி. திருநீறு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

"ஏனுங் மிஸ், மஞ்சள் எப்படி கரியாச்சு?"

மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஊரின் பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பார்கள் இதை! ஆசிரியை பதில் சொல்லவில்லை. "பச்சையை மட்டும் போட்டுப் பாரு" என்றார். மஞ்சள் சாம்பல் நிறத்துக்கு ஏறியது, குங்குமம் இன்னும் இருட்டில். "இப்போ சிவப்பு." அடடா, மூன்று குவியலும் வெளுத்துவிட்டன! எது குங்குமம், எது திருநீறு என்று திணறுகிறது வகுப்பு. முன்வரிசைப் பெண் ஒருத்தி நிறத்தின் எண்களைக் காட்டும் ஐட்ராப்பரை எடுத்து மஞ்சள்மேல் வைத்தாள். சிவப்பு இருநூறுக்கு மேல், பச்சை அதற்குக் கொஞ்சம் கீழே, நீலம் இருபதுகூட இல்லை. "மிஸ், மஞ்சள்ல நீலமே இல்லை! அதான் கரி!" என்று அவளே கத்திவிட்டாள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் என்று போன வருஷம் மனப்பாடம் செய்து எழுதியவள்தான். இப்போது அதைத் தன் கையால் பிடித்துவிட்டாள்.

ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட அவசியமே வரவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் செல்போன் கால்குலேட்டர் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டான்.

இந்த வகுப்பின் சமையலறை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் முந்தின நாளே போய்ச் சேர்ந்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் சூடான விவாதம். எந்தக் கருவி? கேன்வாவா, பிக்ஸ்லரா, போட்டோபியாவா? கணினிப் பயிற்றுநர் கேன்வா பக்கம். பள்ளிகளுக்கு இலவசம், போஸ்டர் அழகாக வரும். அதன் பிறப்பிலும் ஒரு வகுப்பறை உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மெலனி பெர்கின்ஸ் மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள் சொல்லிக்கொடுத்தபோது, அவர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது, 2013இல் நிறுவனமானது. ஆனால் இயற்பியல் ஆசிரியை அசையவில்லை. "அது சமைச்சு தட்டுல வைக்குதுங்க சார். எனக்கு அடுப்பு வேணும்" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வகுப்பில் படத்திருத்தம் என்றாலே சுதந்திர தின வாழ்த்து அட்டை என்று ஆகிவிட்ட காலத்தில், படத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனைச்சாலைக் கருவியாக அதைப் பார்க்கிற ஆசிரியர் கிடைப்பது சாதாரண விஷயமா?

ஆகவே போட்டோபியா ஜெயித்தது. பிரவுசரில் திறந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டாம், பிள்ளைகளிடம் மின்னஞ்சல் முகவரி கேட்க வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாம் திறக்கும் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை; வேலை முழுவதும் நம் கணினியிலேயே நடக்கிறது. பிள்ளைகள் முகம் இருக்கும் படங்களைக் கையாளும் வகுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓரத்தில் விளம்பரம் ஓடும், அது ஒன்றுதான் தொல்லை. இன்னொரு சேதி கேட்டால் நீங்களும் துள்ளுவீர்கள். இவ்வளவு பெரிய கருவியை எழுதியவர் ஒரே ஒருவர்! உக்ரைனில் பிறந்த இவான் குட்ஸ்கிர். 2013இல் வெளியிட்டார். இதை வகுப்பில் சொன்னபோது "ஒரே ஆளா மிஸ்?" என்று மூன்று பக்கமிருந்து கேள்வி வந்தது.

சரி, மஞ்சள் தட்டு வெறும் முன்னோட்டம். நிஜமான விருந்து பென் டிரைவில் இருந்தது.

1900களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் செர்கேய் புரோகுடின்-கோர்ஸ்கி என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். கலர் பிலிம் கடையில் கிடைக்காத காலம். அவர் செய்தது என்ன தெரியுமா? ஒரே காட்சியை, ஒரே நீளமான கண்ணாடித் தகட்டில், அடுத்தடுத்து மூன்று முறை எடுத்தார். முதலில் நீல வடிகட்டி வழியாக, பிறகு பச்சை, பிறகு சிவப்பு. மூன்றுமே கறுப்பு வெள்ளைதான்! மூன்று லென்ஸ் வைத்த புரொஜெக்டரில் அதே மூன்று நிற ஒளி வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்தால் திரையில் வண்ணம் பிறக்கும். இந்தத் தத்துவத்தை 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு ரிப்பன் துண்டை வைத்துக் காட்டியிருந்தார். புரோகுடின்-கோர்ஸ்கியோ அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே சுற்றினார். ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் அவருக்கு இருட்டறை வைத்த ரயில் பெட்டியே கொடுத்தார். புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி 1944இல் பாரிஸில் இறந்தார். அவர் வாரிசுகளிடமிருந்து 1948இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அந்தத் தகடுகளை வாங்கியது. இன்று அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஈரோட்டுப் பிள்ளைகளும்தான்!

ஆசிரியை வீட்டு நெட்டில் முந்தின இரவே இறக்கி வைத்துவிட்டார். பெரிய கோப்புகள் வேண்டாம் என்று சின்ன ஜேபெக்குகளாகவே எடுத்திருந்தார். லேபில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

திரையில் நெடுக்காக ஒரு பட்டை, அதில் மூன்று சாம்பல் நிற ஆசாமிகள், மேலிருந்து கீழாக. தாடி, தலைப்பாகை, இடுப்பில் வாள். புகாராவின் அமீர் ஆலிம் கான், 1911ஆம் ஆண்டு. பிள்ளைகள் மூன்றையும் வெட்டி மூன்று லேயர்களாக வைத்தார்கள். கீழ்ப்படம் சிவப்பு வடிகட்டியில் எடுத்தது. அதன்மேல் முழுச் சிவப்பைப் பூசி 'மல்டிப்ளை' போட்டுச் சேர்த்துவிட வேண்டும். நடுப்படத்துக்குப் பச்சை, மேற்படத்துக்கு நீலம். இப்போது மூன்று பேய்கள் நிற்கின்றன, சிவப்புப் பேய், பச்சைப் பேய், நீலப் பேய். மேலே இருக்கும் இரண்டு லேயரையும் 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும்.

கலந்தது. கண்றாவியாக இருந்தது! ஆறு கண், மூன்று தாடி.

"ஆரோ கீயை அழுத்துங்க. அவசரப்படாதீங்க. வாளோட கைப்பிடியை மட்டும் பாருங்க" என்றார் ஆசிரியை. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிக்சல் நகரும். இடது, இடது, மேல். பச்சை நிழல் மெல்ல உள்ளே போனது. லேப் முழுக்க விசைப்பலகை சத்தம் மட்டும். திடீரென்று மூலையில் ஒரு மானிட்டர் முன்னாலிருந்து "ஹேய்ய்ய்!" என்று ஒரு பையனின் கூவல். எல்லோரும் எழுந்து ஓடினார்கள், நானும் ஓடினேன். நீலப் பட்டு! பூ வேலை செய்த, கண்ணைப் பறிக்கும் நீலப் பட்டு அங்கி! நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர் நேற்று எடுத்த படம்போல நாற்காலியில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார். அந்தப் பையன் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "நான்தான் கலர் கொடுத்தேன்" என்றான். "நீ குடுக்கலைடா, அது உள்ளேயே இருந்துச்சு. நீ சேர்த்தே" என்றார் ஆசிரியை. அவன் முகத்தில் சந்தோஷம் இன்னும் கூடியது.

இதன்பிறகு யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. ஆற்றங்கரைப் படம் ஒன்றைத் திறந்தவர்களுக்குப் புது ஆச்சரியம். கரை, மரம், கட்டடம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. தண்ணீர் மட்டும் பொருந்தவே இல்லை. சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. தங்கள் தவறு என்று நினைத்து இருவர் மீண்டும் மீண்டும் நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "மூணு படமும் ஒரே நேரத்துல எடுக்கலைல்ல மிஸ்? அதுக்குள்ள தண்ணி ஓடியிருக்கும்ல?" ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் ஆசிரியர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று நான் நம்புகிறேன். தண்ணீர் ஓடிய சில விநாடிகள் அந்தப் படத்துக்குள் நிறமாக உறைந்திருப்பதை, எந்தப் பாடநூலும் சொல்லாமல் அவள் தானே கண்டுபிடித்தாள்.

இடைவேளை மணி அடித்தும் நகராதவர்களில் நாலைந்து பேர் தங்கள் செல்பியைத் திறந்து சேனல்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நீலத்தில் பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கருவளையம் எல்லாம் துல்லியம். சிவப்புக்கு மாற்றினால் மொழுமொழுவென்று, கூடவே வெளுப்பாகவும். "அடிப்பாவி, சிவப்புல நான் கலரா இருக்கேன்டி!" என்று ஒரே சிரிப்பு. ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை அழகாக்குவதாகச் சொல்லும் ஆப்கள் பருவையும் நிறத்தையும் துடைப்பது இப்படி எண்களை மாற்றித்தான், உங்கள் முகத்தில் குறை எதுவும் இல்லை என்றார். அதட்டல் இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு பெண் தன் நீலச் சேனல் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்றையும் திரும்ப எரியவிட்டு மூடினாள்.

கடைசிப் பீரியடில் கள்ளப்படப் போட்டி. பாதி வகுப்பு பள்ளி மைதானப் படத்திலிருந்து ஒரு பொருளை 'க்ளோன் ஸ்டாம்ப்' வைத்து அழிக்க வேண்டும். மீதிப் பாதி துப்பறிய வேண்டும். கொடிக்கம்பத்தை அழித்த அணி அதன் நிழலை மறந்துவிட்டது, உடனே மாட்டிக்கொண்டது. புல்லை நகலெடுத்தவர்கள் ஒரே காகிதக் குப்பையை இரண்டு இடத்தில் விட்டிருந்தார்கள். பெரியவர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஆசிரியை இரண்டு படங்கள் காட்டினார்: நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி அட்டைக்காக நெருக்கி வைத்த எகிப்துப் பிரமிடுகள், ஸ்டாலினுக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரையில் நின்று, பதவியும் உயிரும் போன பிறகு படத்திலிருந்தும் அழிக்கப்பட்ட அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ். "தண்ணியைத்தான் நகலெடுத்திருப்பாங்க" என்று ஒருவன் உடனே திரைக்கருகே போய்த் தேட ஆரம்பித்தான். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, ஒருமுறை கையால் அழித்துப் பார்க்க வைப்பது நூறு மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்பும்போது அடுத்த வாரத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனரி கடையில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் வாங்க வேண்டும். செல்போனை அசையாமல் வைக்க இயற்பியல் புத்தக அடுக்கு. தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளாதபடி கேமராவைப் பூட்டி, ஒவ்வொரு தாளையும் லென்ஸ்முன் பிடித்து மூன்று படம், மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, புரோகுடின்-கோர்ஸ்கி செய்ததை அப்படியே செய்வது. எதை எடுப்பது என்பதில்தான் சண்டை. கேட் பக்கத்துச் செம்பருத்தி என்றது ஒரு கோஷ்டி. ஹெட்மாஸ்டரை உட்கார வைக்கலாம் என்றது இன்னொன்று. நீலச் சேனல் முகம் பார்த்த பெண்தான் எல்லோரையும் கையமர்த்தினாள்: "நாலரை மணி டவுன் பஸ் திரும்புறப்ப எடுக்கலாம்டி. ஒரு பஸ், மூணு கலர்ல வரும்!"

சார்களும் மிஸ்களும் உட்பட எல்லோரும் பஸ்ஸுக்கே ஓட்டுப் போட்டார்கள்.