பல் நறநறக்கும் குழந்தையின் மூச்சைக் கவனியுங்கள்

குழந்தை உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தால், வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று கூறிப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். மருத்துவர் அறிவுரைப்படி அம்மருந்தைக் கொடுப்பதில் தவறில்லை. ஆயினும் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பெரும்பாலான குழந்தைகளிடம் இப்பழக்கம் வளர வளரத் தானே குறைந்துவிடும். பல் கடிப்பதுடன் குறட்டையும் சேர்ந்திருந்தால் மட்டும் காத்திருத்தல் கூடாது.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இரண்டு முதல் எட்டு வயது வரை டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் மூச்சுப் பாதையின் அளவுக்குப் பெரிதாக இருப்பதால், அப்பாதை எளிதில் அடைபடக்கூடும். மூச்சு தடைப்பட்டதும் மூளை சில நொடிகள் விழிப்பு நிலைக்கு வருகிறது. தாடைத் தசைகளும் அப்போது இறுகலாம். இது இரவில் பலமுறை நிகழ்ந்தாலும் காலையில் குழந்தைக்கு எதுவும் நினைவிராது.

வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை, வாய் திறந்த உறக்கம், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுத்தல், மிகுந்த வியர்வை, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குதல், காலைத் தலைவலி ஆகியவற்றைக் கவனியுங்கள். உறக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். குழந்தையோ பெரும்பாலும் அடங்காத துறுதுறுப்புடன் இருக்கும். வகுப்பில் கவனமில்லை, சேட்டை மிகுதி என்று ஆசிரியர் கூறும்போது, தண்டிப்பதற்கு முன் அதன் இரவுகளை எண்ணிப் பாருங்கள்.

குழந்தை உறங்குவதைக் கைப்பேசியில் சில நிமிடங்கள் படம் பிடித்து வாருங்கள். அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தேவைப்பட்டால் ஓரிரவு தூக்கப் பரிசோதனை செய்யப்படும். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து முறை வரையிலான மூச்சுத் தடை பொதுவாக நோயாகக் கருதப்படுவதில்லை. குழந்தைக்கு ஒரு முறையே மிகுதி.

சிலருக்கு மூக்கு ஒவ்வாமைக்கான மருந்தே போதும். சதை பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். அதன்பின் பல் கடிப்பதும் பல குழந்தைகளிடம் குறைகிறது. மூச்சுத் தடை உள்ளதா எனப் பாராமல் பல்லுக்கு உறை வாங்கி மாட்ட வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆன பின்னும் குறட்டை கேட்டால், குழந்தையை மீண்டும் அழைத்து வாருங்கள்.