தேரி நிலத்திற்கேற்ற பயிர்த்தேர்வு: நீரளவு நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

பாலை தனி நிலமன்று. பிற நிலங்கள் வெம்மையாலும் வறட்சியாலும் அடையும் நிலையே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் முன்வைக்கிறது. நிலை எனின் அதனை மாற்றவும் இயலும். தமிழகத்தில் அவ்வாறு மாற்றப்பட்டுவரும் நிலத்திற்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களிலுள்ள செம்மணல் தேரி தக்க சான்றாகும். பண்படுத்திய தேரியில் குறைந்த நீரைக்கொண்டு எப்பயிரை விளைவிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேரியின் இயல்பு

மணற்பரல்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே தேரியின் செந்நிறத்திற்குக் காரணம். களியும் மட்கும் இம்மணலில் மிகக் குறைவு. ஆதலின் மழைநீர் விரைந்து கீழிறங்கிவிடுகிறது. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று மணலை இடம்பெயர்க்கிறது.

பொதுவாக ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீர் 100 மி.மீ.க்கும் குறைவே. அரை மீட்டர் ஆழம் வேரோடும் பயிர் நாள்தோறும் 5 மி.மீ. நீரைச் செலவிட்டால், அந்நீர் பத்து நாள்களுக்குள் தீர்ந்துவிடும். எனவே தேரிப் பயிருக்கு ஆழ்ந்த வேர் அல்லது குறுகிய வாழ்நாள் இன்றியமையாதது.

பயிர் வரிசை

முதலில் நடத்தக்கவை காற்றைத் தடுத்து மணலைப் பிணிக்கும் பனையும் உடைமரமும் ஆகும். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றிருப்பது பனையின் பொருளியல் மதிப்பைக் காட்டும். ஆயினும் பனை பயன்தர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். அதுவரை உழவர் வருவாயின்றிக் காத்திருத்தல் அரிது. இவ்விடைவெளியை முருங்கை நிரப்பும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கை விதைத்த ஓராண்டிற்குள் காய்க்கும். மழைப்பருவத்தில் மரங்களுக்கிடையே கம்பு, எள், காணம், தட்டைப்பயறு ஆகியவற்றை விதைக்கலாம்.

குளத்து வண்டலை இடுவதால் மணலின் நீர்ப்பிடிப்பு உயரும். மணலில் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது. ஆகவே சொட்டுநீரைச் சிறிதளவாக, அடிக்கடி தருதல் வேண்டும்.

நீர்க்கணக்கு

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்பது 10,000 லிட்டர். வாழைக்கு ஏறத்தாழ 1800 மி.மீ., அதாவது 1.8 கோடி லிட்டர் தேவை. கம்புக்கு ஏறத்தாழ 350 மி.மீ., அதாவது 35 இலட்சம் லிட்டர் போதும். ஒரு ஹெக்டேர் வாழைக்குரிய நீரில் ஐந்து ஹெக்டேர் கம்பு விளையும். ஏக்கர் கணக்கில் வாழையின் வருவாய் மிகுதி என்பதை மறுக்க இயலாது. ஆனால், தேரியில் பற்றாக்குறையாக இருப்பது நிலமன்று, நீரே. ஆதலின் அலகு நீருக்கான வருவாயே உரிய அளவுகோல்.

இரு முன்னனுபவங்கள்

கடலோரத்தில் நிலத்தடிநீரை மிகையாக இறைத்தால் கடல்நீர் உட்புகும். திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியிலேயே இது கண்டறியப்பட்டது. மாறாக, ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் பாலைக்கு நீரை மிகுதியாகக் கொணர்ந்தது. அங்கு நீர்மிகு பயிர்களும் அளவுமீறிய பாசனமும், நிலத்தடியிலுள்ள இறுகிய படுகையுடன் சேர்ந்து, பல இடங்களில் நீர்தேக்கத்தையும் உவர்ப்பையும் விளைவித்தன. நீர் குறைந்த இடத்திலும் மிகுந்த இடத்திலும் மீட்ட நிலத்தைக் கெடுத்தது நிலத்திற்கு ஒவ்வாத நீர்ப்பயன்பாடே.

முடிவுரை

தேரியில் காற்றுத்தடுப்பு, ஆழ்வேர் மரம், குறுகியகாலப் பயிர் என்னும் வரிசையே பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றின் நீர் ஒருவருக்கே உரியதன்று. ஓர் உழவரின் பயிர்த்தேர்வு அண்டைக் கிணற்றின் சுவையையும் முடிவுசெய்கிறது. எனவே தேரியில் பயிர்த்தேர்வு தனியொருவரின் வருவாய்க் கணக்காக மட்டுமன்றி, ஊரின் நீர்க்கணக்காகவும் அமைதல் வேண்டும்.