கமெராவுக்குள் கொழும்பு – 8
கோடு காட்டாத நாற்பது

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சேலைக் கடையொன்றில் விற்பனையாளர் ஒரு பட்டுச் சேலையை உதறி விரித்தால் துணி ஐந்தரை மீற்றருக்கு ஓடும். 50 மில்லிமீற்றர் லென்ஸோடு அங்கே நிற்பவருக்கு அவரது கைகளும் முந்தானையும் கிடைக்கும். 35 வைத்திருப்பவருக்குச் சேலையோடு கண்ணாடி அலுமாரி, விலைச்சீட்டு, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி எல்லாம் சேர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது 40. சென்ற வாரம் 50 பற்றிப் பேசிய இந்தத் தொடர், இவ்வாரம் அந்த நடு லென்ஸுக்கு வருகிறது.

24க்கு 36 மில்லிமீற்றர் ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மில்லிமீற்றர். மூலைவிட்டத்தின் அளவே இயல்பான லென்ஸின் அளவு என்பது பழைய கணக்கு. அதன்படி 40தான் 50ஐ விட நெருக்கமானது. ஆனாலும் 1925இல் லைப்சிக் சந்தைக்கு வந்த முதல் லைக்கா 50ஐயே தாங்கி வந்தது. பின்னர் வந்தவர்களும் அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொழும்பில் அந்தக் காலத்து லைக்காவை எடுத்தால் லயனல் வென்டின் பெயர் தானாக வரும். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் லைக்கா, ரோலைஃப்ளெக்ஸ் இரண்டையும் கையாண்டவர். 1938இல் லண்டன் கமெரா கிளப்பில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அவர் வாழ்ந்த கில்ஃபோர்ட் கிரெசன்ட் வளவில்தான் இன்று அவர் பெயரில் அரங்கு இருக்கிறது. அவர் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் லைக்காக்களில் தூரத்தைச் சரிசெய்ய ஒரு துளை, படத்தைப் பார்க்க வேறொரு துளை. பார்க்கும் துளை 50க்கு மட்டுமே பொருந்தும். வேறு லென்ஸ் மாட்டினால் அதற்கான தனிக் காண்கருவியைக் கமெராவின் தலையில் செருக வேண்டும். இன்று எளிதாகத் தெரியும் சட்டமிடல் அன்று எவ்வளவு பொறுமையைக் கேட்டிருக்கும் என்பதை அவரது படங்களைப் பார்க்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

வென்ட் மறைந்து பத்தாண்டு கழித்து, 1954இல் லைக்கா எம்3 வந்தது. இரண்டு துளையும் ஒன்றாகின. லென்ஸை மாட்டியதும் அதற்குரிய ஒளிக்கோட்டுச் சட்டம் தானே தோன்றியது: 50, 90, 135. 1957இன் எம்2 இல் 35 சேர்ந்தது. 40க்குக் கோடு இல்லை. அதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மினோல்டாவுடன் சேர்ந்து உருவாக்கிய சின்ன லைக்கா சிஎல், 40 மில்லிமீற்றர் சுமிக்ரான்-சி லென்ஸோடும் அதற்குரிய கோட்டோடும் வெளிவந்தது.

இதே காலத்தில் ஜப்பானியக் கமெராக்கள் இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் கடந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 1966இன் யாஷிக்கா எலெக்ட்ரோ 35 இல் 45, 1968இன் கொனிக்கா சி35 இல் 38, 1972இன் கெனனெட் ஜிIII இல் 40. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆகவே ஒரே கோடு, அதுவும் அந்த லென்ஸுக்கே உரியது. விலை குறைந்த கமெராவில் கிடைத்த வசதி விலை உயர்ந்த எம் உடல்களில் கிடைக்கவில்லை.

சுமிக்ரான் 40ஐ எம் உடலில் மாட்டினால் எழுவது 50இன் கோடு. அதை நம்பி எடுத்தால், தூரத்துக் காட்சியில் கோட்டுக்கு வெளியே அகலத்தில் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகப் படத்துக்குள் நுழைந்துவிடும். சிலர் லென்ஸின் பின்புறப் பிடியை அரத்தால் தேய்த்து 35இன் கோடு வரும்படி செய்கிறார்கள். அது தேவையில்லை. பல எம் உடல்களின் முன்பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அதை விரலால் தள்ளிப் பிடித்தால் 35இன் கோடு தெரியும், விட்டால் மறையும். அந்தக் கோட்டின் உள்விளிம்பை விட்டுச் சற்று உள்ளே தள்ளி மனத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டால் 40க்குப் பொருந்தும். ஒளிக்கோடுகள் கிட்டத்துத் தூரத்துக்கு அளவெடுத்தே வெட்டப்படுகின்றன. அதனால் கிட்டப் போகும்போது உள்ளே அதிகம் தள்ள வேண்டும். எட்ட நிற்கும்போது கோட்டையே ஏறத்தாழ நம்பலாம்.

இதைவிட நல்ல வழி லென்ஸின் தூர வளையத்திலேயே இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டை உருவம் ஒன்றாகப் பொருந்தியதும் வளையம் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. கமெராவைப் படுக்கையாகப் பிடித்தால், 35க்கு நின்ற தூரமே ஏறத்தாழப் படத்தின் அகலம். 50க்கு அதில் பத்தில் ஏழு பங்கு. 40க்குப் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. மூன்று மீற்றரில் நின்றால் 2.6 மீற்றர் அகலம் கிடைக்கும். அந்தச் சேலையை முழுதாய்க் காட்ட ஆறு மீற்றருக்கு மேல் பின்வாங்க வேண்டும். கடைக்குள் அதற்கு இடமில்லை என்பது கண்ணை வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இந்தக் கணக்கு இன்னும் உதவும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பினார். கல்லும் நிழலுமான அப்படிப்பட்ட மண்டபத்தில் அனுமதி பெற்றுப் படம் எடுப்பவருக்குக் காண்கருவியின் கோடுகளே மங்கலாகத்தான் தெரியும். வாசலில் பூ விற்பவரைப் படம் பிடிக்க அவர் சம்மதித்தால், கமெராவை நிமிர்த்திப் பிடித்து இரண்டு மீற்றரில் நிற்கலாம். சட்டத்தின் உயரம் 1.7 மீற்றர்; தலை முதல் கால் வரை அடங்கும். அதே இடத்தில் 50 வைத்திருப்பவர் முழங்காலோடு வெட்டிவிடுவார். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்துக்கு முன்னால் நிலைமை வேறு. அங்கே 35காரரும் வீதியைக் கடந்து பின்வாங்கியே ஆக வேண்டும்.

2004இல் வொய்க்லேண்டர் பெயரில் கொசினா வெளியிட்ட பெஸ்ஸா ஆர்3ஏ, 40க்கான கோட்டையும் கண்ணால் காணும் அதே அளவில் காட்சியையும் தந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படம் எடுக்கலாம். வெள்ளவத்தைச் சந்தியில் பஸ் சட்டத்துக்குள் வருவதற்கு முன்பே அது வருவது தெரியும். கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் 40இன் கோடு காண்கருவியின் ஓரத்தில் ஒதுங்கி முழுதாய்ப் பிடிபடாது. வாங்கும் முன் கண்ணில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

எம் உடலும் 40உம் வைத்திருப்பவர்கள் ஃபிலிம் செலவில்லாமல் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். சுவரில் 1.7 மீற்றர் இடைவெளியில் இரண்டு சோக்குக் கோடுகள் போட்டு, இரண்டு மீற்றரில் நின்று நெம்புகோலைத் தள்ளி, 35இன் சட்டத்துக்குள் அந்தக் கோடுகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு ஐந்து மீற்றருக்குப் போய் 4.4 மீற்றர் இடைவெளியில் அதையே செய்ய வேண்டும். கண் இந்த இரண்டு அளவையும் பிடித்துக்கொண்டால் கோட்டைத் தேட வேண்டியிராது.

(தொடரும். அடுத்த வாரம்: காலிமுகத் திடலில் 90 மில்லிமீற்றர்)