ஆற்றில் இறங்காமல் ஆற்றைச் சுத்தம் செய்த பொறியாளர்

கிளார்க் கீ, போட் கீ பகுதிகளில் இன்று ஆற்றோரமாக நடப்பவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1970களில் அவ்வழியே போய்வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நாற்றம் மூக்கில் பட்டுவிடும் என்பார்கள்.

ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமே உள்ள சிங்கப்பூர் ஆற்றையும், அதைவிட நீளமான காலாங் ஆற்றையும் மீட்க 10 ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் லீ எக் டியெங் என்ற பொறியாளர். அவருடைய பணி வாழ்க்கையைப் பார்த்தால் தூய்மைக்கேட்டுக் கட்டுப்பாடு என்பது உண்மையில் என்ன வேலை என்று விளங்கும். அழுக்கைப் பிடித்து வடிகட்டுவது அதில் ஒரு சிறு பகுதிதான். அழுக்கு எங்கே பிறக்கிறது என்று தேடிப் போய், அந்த இடத்திலேயே அதை நிறுத்துவதுதான் முக்கியமான வேலை.

நாற்றம் எங்கிருந்து வந்தது?

ஆறு ஏன் நாறுகிறது? குப்பை மிதப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதுதான் ஆக்சிஜன் பற்றாக்குறை.

ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். மீன்களும் நத்தைகளும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் இந்தச் சிறு கையிருப்பைப் பங்கிட்டுத்தான் வாழ்கின்றன.

இப்போது ஆற்றில் மனிதக் கழிவும் உணவு மிச்சமும் கலக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. கழிவைச் சிதைக்கும்போது அவை ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கின்றன. வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரைச் சிதைக்க ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் தேவைப்படும். அதாவது, ஒரு லிட்டர் கழிவுநீர் குறைந்தது 25 லிட்டர் நல்ல நீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். பொறியாளர்கள் இதை உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை என்று அளக்கிறார்கள். பன்றிப் பண்ணைக் கழிவில் இந்த அளவு இன்னும் பல மடங்கு அதிகம்.

ஆக்சிஜன் தீர்ந்தபின் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, அழுகிய முட்டையின் வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. அன்று சிங்கப்பூர் ஆற்றில் கடல் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, நாற்றத்துக்கு வேண்டிய எல்லாப் பொருள்களும் அங்கே தயாராக இருந்தன.

இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காட்டலாம். இரண்டு போத்தல்களில் குளத்து நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் சிறிது பால் கலந்து, இரண்டிலும் சில சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு இறுக மூடி வைப்போம். பால் கலந்த போத்தலில் நீல நிறம் முதலில் மறையும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். நிறம் மறைந்த போத்தலைப் பார்க்கும் மாணவர்கள், ஆற்றில் மீன் ஏன் செத்தது என்பதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

கழிவுநீர்க் குழாயில் தொடங்கிய பணி

லீ எக் டியெங் 1933ல் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்து 1958ல் பட்டம் பெற்றார். பாலமும் வானளாவிய கட்டடமும் கட்டப் போகலாம் என்று கனவு காணும் படிப்பு அது. அவருக்கு வாய்த்ததோ கழிவுநீர்ப் பணி. நிலத்துக்கு அடியில் ஓடும் குழாய்கள், பம்புகள், சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றோடு அவருடைய தொழில் வாழ்க்கை தொடங்கியது.

அன்றைய சிங்கப்பூரில் பல வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இல்லை. வாளிக் கழிப்பறைகளே இருந்தன. அந்த முறை முற்றிலும் ஒழிந்தது 1987ல்தான். மழைநீருக்கு ஒரு வடிகால், கழிவுநீருக்கு வேறொரு குழாய் என்று இரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் படிப்படியாக விரிந்தது. குழாய் போடாத இடத்தில் கழிவு எங்கே போகும்? பக்கத்துச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும்தான்.

புகை எழுவதற்கு முன்பே

1970ல் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு என்ற சிறிய அமைப்பு உருவானது. அதன் தலைவராக லீ எக் டியெங் பொறுப்பேற்றார். ஜூரோங்கில் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்க்க முதலீட்டாளர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களிடம் போய், “புகையைக் குறையுங்கள், இல்லையென்றால் அனுமதி கிடையாது” என்று சொல்வது எளிதல்ல. அதனால்தான் அந்தப் பிரிவு எந்த அமைச்சின்கீழும் வைக்கப்படாமல், நேரடியாகப் பிரதமர் அலுவலகத்தின்கீழ் வைக்கப்பட்டது.

1971ல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஆலை கட்டப்பட்டு, புகை வந்து, மக்கள் புகார் செய்தபின் ஓடிப் போய்ப் பார்ப்பது ஒரு முறை. ஆலையின் வரைபடத்தை முதலிலேயே வாங்கிப் பார்த்து, எந்த எரிபொருள், எவ்வளவு உயரப் புகைபோக்கி, பக்கத்தில் குடியிருப்பு உண்டா என்றெல்லாம் கேட்பது இன்னொரு முறை. சிங்கப்பூர் இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்தது. 1972ல் சுற்றுப்புற அமைச்சு தனியாக அமைந்தபோது அதன் உயர் அதிகாரி பொறுப்பும் பின்னர் நிரந்தரச் செயலாளர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

பத்து ஆண்டுக் கெடு

1977 பிப்ரவரி 27. அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, 10 ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். மீனை வாங்கி வாராவாரம் ஆற்றில் விடுவது இதைவிட மலிவு என்று ஓர் அதிகாரி கேலி செய்ததைப் பிற்காலத்தில் லீ குவான் இயூவே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கேலியில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. வாங்கி விட்ட மீன் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்காது. நீரில் ஆக்சிஜன் நிலைத்தால்தான் மீன் நிலைக்கும். ஆக்சிஜன் நிலைக்க, கழிவு வருவது நிற்க வேண்டும். எனவே லீ எக் டியெங்கின் குழு ஆற்றை விட்டுவிட்டு, அதில் வந்து சேரும் ஒவ்வொரு கால்வாயையும் எதிர்த்திசையில் பின்தொடர்ந்தது. 1977 அக்டோபரில் செயல்திட்டம் தயாரானது. வீடமைப்பு, துறைமுகம், தொழிற்பேட்டை, பொதுப் பணி எனப் பல துறைகள் அதில் பங்கெடுத்தன.

கால்வாய்களின் மறுமுனையில் இருந்தவை இவை: 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், ஏறக்குறைய 5,000 சாலையோர உணவுக் கடைகள், வீட்டுப் பின்புறங்களில் இயங்கிய ஏறத்தாழ 2,800 சிறுதொழில்கள், கழிவுநீர்க் குழாய் இல்லாத புறம்போக்குக் குடியிருப்புகள். ஆற்றில் நேரடியாகக் கழிவையும் எண்ணெயையும் கொட்டியவை 800 தொங்கான்கள், அதாவது சரக்குப் படகுகள்.

இடம் மாறியவர்கள்

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. சுமார் 26,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். சாலையோரம் உணவு விற்றவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் கொண்ட உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. தட்டுக் கழுவிய நீர் சாக்கடைக்குப் போகாமல் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகத் தொடங்கியது அங்கேதான்.

பண்ணைக்காரருக்கும் படகோட்டிக்கும் அது அவ்வளவு எளிதாக இல்லை. பன்றி வளர்க்க மட்டுமே தெரிந்தவர் ஐந்தாவது மாடியில் என்ன செய்வார்? 1983ல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டபோது, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆற்றோடு இருந்த ஒரு தொழில் ஆற்றைவிட்டுப் போனது. அதில் நமக்கும் ஒரு பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படகுகளைச் செலுத்தியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். சீனப் படகோட்டிகள் பெரும்பான்மை ஆனது பிறகுதான். சுத்தமான ஆற்றுக்கு உரிய விலையில் பணத்தால் கணக்கிட முடியாத பகுதி இது.

கழிவு வருவது குறைந்தபின்தான் ஆற்றுக்குள் கைவைத்தார்கள். அடியில் படிந்திருந்த கறுப்புச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள், கரைகளைச் செப்பனிட்டார்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் சேற்றை எடுத்திருந்தால், சில ஆண்டுகளில் புதிய சேறு சேர்ந்திருக்கும். 1987ல், சொன்ன கெடுவுக்குள், மீன்கள் திரும்பின. இழப்பீடு நீங்கலாக அரசாங்கத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 17 கோடி வெள்ளி.

கழிவுநீரிலிருந்து குடிநீர் வரை

லீ எக் டியெங் 1978 முதல் 2000 வரை பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராகவும், 1994 முதல் 1999 வரை அரசாங்கச் சேவையின் தலைவராகவும் இருந்தார். கழகத்தில் அவருடைய காலம் முடிந்த 2000ஆம் ஆண்டில்தான், கழிவுநீரை நுண்சவ்வுகள் வழியே செலுத்திச் சுத்தமாக்கும் புதுநீர்ச் சோதனை ஆலை பிடோக்கில் இயங்கத் தொடங்கியது. கழிவுநீர்க் குழாயோடு தொடங்கிய பணி வாழ்க்கை, அதே நீர் குடிநீராகத் திரும்பும் கட்டம்வரை நீண்டது.

2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அன்று நாறிய இரு ஆறுகளும் இன்று அங்குள்ள நீர்த்தேக்கத்தில்தான் சேர்கின்றன. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே தேங்குகிறது. ஆறுகள் பழைய நிலையிலேயே இருந்திருந்தால், அணை கட்டி என்ன பயன்? தேங்கியது சாக்கடையாகத்தான் இருந்திருக்கும்.

கழிவைப் பிறப்பிடத்தில் நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், பாசிர் கூடாங்கில் 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறியவர்களில் பலர் மாணவர்கள்.

வேதியியலும் உயிரியலும் கணிதமும் பிடித்து, எதைப் படிப்பது என்று யோசிக்கும் மாணவர்களுக்கு இத்துறையில் இடம் இருக்கிறது. பூட்ஸ் அணிந்து கால்வாயோரம் நடக்கவும், நீர் மாதிரி எடுக்கவும், ஆலை முதலாளியிடம் முடியாது என்று சொல்லவும், வீட்டைக் காலி செய்யப்போகும் ஒருவரின் கேள்விக்கு நின்று பதில் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். கடைசிப் பாடம் மட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லை.